ஆயாவா, ராகமா? தாரியில் கேள்வி கேட்கும் வழிகள்

கேள்விக்குத் தாரி மொழியில் 'ஸுவால்' என்று பெயர். அரபியில் பிறந்து பாரசீகம், இந்துஸ்தானி என்று ஊர் ஊராகச் சுற்றி நம்மிடம் வந்து சேர்ந்தபோது அதுதான் 'சவால்' ஆகிவிட்டது. பதிலுக்கு 'ஜவாப்', நாம் அதை ஜவாப்தாரிக்குள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு 'நஃபர்', நம் 'நபர்'. ஆக, சொற்கள் அவ்வளவு அந்நியமில்லை. வாக்கியமும் எழுவாய், செயப்படுபொருள், வினை என்று நம் வரிசையிலேயே போகிறது. இவ்வளவு சொந்தம் இருந்தும், தாரி கற்கும் தமிழர் கேள்வி கேட்கத் தொடங்கியதும் தடுமாறுவார். நான் தடுமாறினேன்.

தாரி என்பது ஆப்கானிஸ்தானில் பேசப்படும் பாரசீகம். 1964 அரசியல் சாசனம்தான் இந்தப் பெயரை அதிகாரபூர்வமாக்கியது. 2004 சாசனம் பஷ்தோவையும் தாரியையும் ஆட்சிமொழிகளாக வைத்தது. பேசுகிறவர்களில் பலர் இன்னும் 'ஃபார்ஸி' என்றுதான் சொல்கிறார்கள். கீழே நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் காபூல் பேச்சு. தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒரு ஏற்பாடு: 'ச' வரும் இடமெல்லாம் 'பச்சை'யில் வரும் ச, 'ஸ' தனி. 'ஃக' என்பது தொண்டையை உரசிக்கொண்டு வரும் ஒலி.

முதல் உதாரணத்துக்குக் கடைக்குப் போவோம். ரொட்டி இருக்கிறதா என்று காபூல் கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: "நான் தாரேன்?"

சிரிக்காதீர்கள். 'நான்' என்றால் ரொட்டி. 'தாரேன்' என்றால் 'வைத்திருக்கிறீர்கள்'. கொடுக்கப் போவது நீங்கள் அல்ல, அவர்.

இதில் கேள்வி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். எழுத்தில் இல்லை. 'நான் தாரேன்' என்பதே 'ரொட்டி வைத்திருக்கிறீர்கள்' என்ற சாதாரண வாக்கியமும்தான். சொல் மாறவில்லை, வரிசை மாறவில்லை, ஒட்டு எதுவும் சேரவில்லை. குரல் மட்டும் கடைசியில் இறங்காமல் மேலே நிற்கிறது. கடைசி அசை கொஞ்சம் இழுபடுகிறது. அவ்வளவுதான் கேள்வி. இதை ராகம் என்று வைத்துக்கொள்வோம்.

இதற்குப் போட்டியாகப் பாடப்புத்தகம் முதல் பாடத்திலேயே இன்னொன்றைத் தரும்: 'ஆயா'. நம் ஊர் ஆயாவுக்கும் இதற்கும் உறவில்லை. வாக்கியத்தின் தலையில் வந்து உட்கார்ந்து 'இனி வருவது கேள்வி' என்று அறிவிக்கும் சொல் இது. "ஆயா ஷுமா நான் தாரேத்?" இலக்கணம் சுத்தம். வினையும் 'தாரேன்' என்ற பேச்சு வடிவத்தை விட்டு 'தாரேத்' என்று எழுத்து வடிவத்துக்கு மாறிவிட்டதைக் கவனியுங்கள். ஆயா வந்தால் மற்ற சொற்களும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. ரொட்டிக் கடையில் இப்படிக் கேட்பது, பெட்டிக்கடையில் போய் "தங்களிடம் வாழைப்பழம் உள்ளதா?" என்று கேட்பதற்குச் சமம். பழம் கிடைக்கும். கூடவே ஒரு புன்சிரிப்பும் கிடைக்கும்.

விடுதியில் என்னோடு இருந்த காபூல் நண்பர், நான் ஆயா ஆயா என்று ஆரம்பித்த முதல் வாரத்தில், "வானொலிச் செய்தி மாதிரிப் பேசுகிறாய்" என்றார். சரி என்று ஆயாவைக் கைவிட்டேன். அப்புறம்தான் உண்மையான தொல்லை தொடங்கியது. "நாளை வருகிறாயா?" என்று கேட்பதாக நினைத்து "ஸபா மேயாயி" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "கீ குஃப்த்?" என்றார். 'யார் சொன்னது?' என்று அர்த்தம். நான் கேட்டது அவர் காதில் கேள்வியாக விழவே இல்லை. 'நாளை நீ வருகிறாய்' என்று நானாக முடிவு செய்து அறிவித்ததாக விழுந்திருக்கிறது.

கோளாறு நம் வளர்ப்பில் இருக்கிறது. தமிழில் கேள்வியின் பாரத்தை '-ஆ' தூக்கிக்கொள்கிறது. "வர்றியா" என்பதை எந்தக் குரலில் சொன்னாலும், முணுமுணுத்தாலும், அது கேள்விதான். குரலை ஏற்றியே தீர வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இருந்ததில்லை. தாரி பேசப் போகும்போது '-ஆ'வை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். அதன் இடத்தில் வைக்க வேண்டிய ராகத்தை எடுத்துப் போக மறந்துவிடுகிறோம்.

'-ஆ' போனதால் வரும் இன்னொரு இழப்பும் உண்டு. தமிழில் அதை நகர்த்தலாம். நீயா நாளைக்குக் காபூலுக்குப் போற? நாளைக்கா போற? காபூலுக்கா போற? சந்தேகம் எந்தச் சொல்லின் மேலோ, அங்கே '-ஆ'வை ஒட்டினால் போதும். தாரியில் "து ஸபா காபுல் மேரி?" என்ற ஒரே வாக்கியம் இத்தனை வேலையையும் செய்ய வேண்டும். சந்தேகப்படும் சொல்லை அழுத்திச் சொல்கிறார்கள்: 'து'வை அழுத்தினால் 'நீயா', 'ஸபா'வை அழுத்தினால் 'நாளைக்கா'. ஆயா இதற்கு உதவாது. அது வாசலில் நிற்கும் சொல்; உள்ளே எந்த அறையில் சந்தேகம் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. என் கணக்கில் ராகம் ஆயாவை மிஞ்சுவது இந்த இடத்தில்தான்.

ஒரு வேடிக்கை: '-ஆ' போலவே வாக்கியக் கடைசியில் ஒட்டும் கேள்வி ஒட்டு பாரசீகக் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் அது ஆப்கானிஸ்தானின் வடக்கு எல்லையைத் தாண்டி தஜிகிஸ்தானில் இருக்கிறது. தஜிக் மொழியில் வினையின் வாலில் '-மீ' சேர்த்தால் கேள்வி. உஸ்பெக் மொழியிடமிருந்து வாங்கிக்கொண்டது. தமிழனுக்கு வரப்பிரசாதமான அந்த வசதியைக் காபூலில் எதிர்பார்க்க முடியாது.

ராகம் இன்னும் கைவரவில்லை, ஆயாவும் வேண்டாம் என்றால்? வால் சேர்க்கலாம். இரண்டு வால்கள் இருக்கின்றன. இரண்டுமே நமக்குப் பழகியவை.

ஒன்று 'யா நே'. 'அல்லது இல்லை' என்று பொருள். "மேயாயி யா நே?" என்பது அப்படியே "வர்றியா இல்லையா?" இதில் ராகம் சரியாக வராவிட்டாலும் கேள்வி என்று புரிந்துவிடும். ஆனால் நம் ஊரில் அதே கேள்வியை அம்மா எந்த மனநிலையில் கேட்பார் என்று யோசியுங்கள். நெருக்கமானவர்களிடம் சரி. கடைக்காரரிடம் "நான் தாரேன் யா நே?" என்றால் பொறுமை இழந்தவர் மாதிரி இருக்கும்.

இன்னொன்று வெறும் 'நே'. "ஈ நான் கர்ம் அஸ், நே?" 'இந்த ரொட்டி சூடாக இருக்கு, இல்ல?' சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது: அவர்கள் 'நே', நாம் 'இல்ல'. மென்மையானது, யாரையும் நெருக்காது. குறை ஒன்று: பதில் இதுதான் என்று ஓரளவு தெரிந்திருக்கும்போதுதான் கேட்க முடியும். இந்த இனத்திலேயே இன்னும் நுணுக்கமாக 'ஃகோ' என்று ஒரு சொல் இருக்கிறது. அது வாலில் வராமல் நடுவில் நுழையும். "குதாம் முஷ்கில் ஃகோ நேஸ்?" 'பிரச்சினை ஒன்றும் இல்லைதானே?' நம் 'தானே'யின் கவலையும் நம்பிக்கையும் அதில் அப்படியே இருக்கின்றன. தாரியில் எனக்கு மிகவும் பிடித்த ஓரசைச் சொல் இது.

'மகர்' என்பதையும் புத்தகங்கள் கேள்விச்சொல் பட்டியலில் சேர்க்கும். "மகர் நகுஃப்தும்?" 'நான் சொல்லலையா என்ன?' தகவல் கேட்க இது உதவாது, சண்டைக்கு உதவும். தொடக்கத்தில் தேவைப்படாது.

ஆக, என் வரிசை இது: பேச்சில் ராகம் முதலில், அது கைவரும்வரை 'நே' துணைக்கு. 'யா நே' அவசரத்துக்கு மட்டும். ஆயாவைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். விண்ணப்பம், கடிதம், தேர்வுத்தாள், மேடை, நேர்காணல் எல்லாம் அதன் வீடு. எழுத்தில் ராகம் கேட்காது அல்லவா? வாக்கிய முடிவில், கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கும் கேள்விக்குறி வரும்வரை படிப்பவர் காத்திருக்க வேண்டும். ஆயா இருந்தால் முதல் சொல்லிலேயே தெரிந்துவிடும். 'வருவாரா என்று கேட்டார்' போன்ற வாக்கியங்களிலும் 'கி ஆயா' என்று அது இயல்பாக வந்து உட்காரும்.

இனி, யார், எப்போது, எங்கே வகை. இங்கே வேலை எளிது. தமிழில் போலவே கேள்விச்சொல் பதில் இருக்க வேண்டிய இடத்திலேயே உட்காரும். அதை வாக்கியத்தின் முன்னால் இழுக்கத் தேவையில்லை. "து குஜா மேரி?" நீ எங்கே போற? 'குஜா'வை எடுத்துவிட்டு 'காபுல்' போட்டால் பதில் தயார். "நாமெத் சீஸ்?" உன் பெயர் என்ன? 'நாம்' என்பது நம்மிடமும் புழங்கும் நாமம்தான்.

சிக்கல், ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் போட்டியிடும்போதும், ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கும்போதும் வருகிறது.

'எப்போது' என்பதற்கு 'கை' என்றும் சொல்லலாம், 'சி வக்த்' என்றும் சொல்லலாம். 'கை' குட்டியானது, அழகானது. ஆனால் 'யார்' என்பதற்கு 'கீ'. பேச்சில் இரண்டும் வேறு. எழுத்தில் இரண்டுக்கும் ஒரே இரண்டு எழுத்து. "கை ஆமத்?" என்றால் எப்போது வந்தார், "கீ ஆமத்?" என்றால் யார் வந்தார். செல்பேசியில் செய்தியாக வந்தால் எது என்று சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். 'சி வக்த்' என்றால் 'என்ன நேரம்'; யாருக்கும் குழப்பமில்லை. கற்பவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு 'சி வக்த்'தைத்தான் சொல்வேன். 'கை'யைக் காதுக்கு மட்டும் பழக்கிக்கொண்டால் போதும்.

'ஏன்' என்பதற்கு 'சிரா'வும் 'பராயே சி'யும் இருக்கின்றன. வித்தியாசம் கிட்டத்தட்ட நம் ஏன், எதற்காக போலத்தான். 'சிரா' காரணம் கேட்கும், குரல் கொஞ்சம் ஏறினால் குற்றமும் சாட்டும். 'பராயே சி' நோக்கத்தைக் கேட்கும்.

'சந்த்' என்றால் 'எத்தனை'. "சந்த் நஃபர் ஆமதன்?" எத்தனை பேர் வந்தார்கள்? இதே வாக்கியத்தைக் குரலை இறக்கிச் சொன்னால் 'சில பேர் வந்தார்கள்' என்று ஆகிவிடும்! 'குதாம்' இதைவிடத் தந்திரமானது. 'எந்த' என்றும் பொருள், 'ஏதோ ஒரு' என்றும் பொருள். "குதாம் கஸ் ஆமத்?" என்பதில் எந்த ஆள் வந்தார் என்றும் கேட்கலாம், யாராவது வந்தார்களா என்றும் கேட்கலாம். தமிழ் இதில் கறார். 'யார்' கேள்வி, அதைக் கேள்வியாக இல்லாமல் ஆக்க வேண்டுமானால் யாரோ, யாரும், யாராவது என்று வால் ஒட்டியாக வேண்டும். தாரி அந்தச் சிரமத்தையும் ராகத்திடமே ஒப்படைத்துவிடுகிறது. கேள்விச்சொல் இருந்தால் ராகம் தேவையில்லை என்று நினைத்து நிம்மதியாக வந்தால், பின்வாசல் வழியாக அது மறுபடி உள்ளே வந்துவிடுகிறது.

இங்கே ஈரான் பாடப்புத்தகங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பாரசீகம் கற்கக் கிடைப்பவை பெரும்பாலும் தெஹ்ரான் பேச்சைத்தான் சொல்லித் தரும். மணி கேட்க அங்கே 'ஸாஅத் சந்தே?' காபூலில் 'சந்த் பஜா அஸ்?' 'பஜா'வில் இந்தி கேட்கிறதா? அதுவேதான். வயது கேட்க அங்கே 'சந்த் ஸால் தாரி', எத்தனை வருடம் வைத்திருக்கிறாய். காபூலில் 'சந்த் ஸாலா அஸ்தி', எத்தனை வயதுக்காரன். 'இல்லை' அங்கே 'ந', இங்கே 'நே'. போகிறாயா என்பது அங்கே 'மீரி', இங்கே 'மேரி'. பழைய பாரசீகத்தின் ஏகார, ஓகாரங்களை ஈரான் பேச்சு இழந்துவிட்டது; தாரி வைத்திருக்கிறது. காபூலில் 'ஷேர்' சிங்கம், 'ஷீர்' பால். தெஹ்ரானில் இரண்டுமே 'ஷீர்'. ஏகாரமும் ஈகாரமும் வேறுவேறு என்று தொட்டிலிலேயே தெரிந்த நமக்கு, இந்த ஒரு விஷயத்தில் காபூல்தான் வசதி.

மரியாதை விஷயத்தில் குழப்பமே இல்லை: 'து' நீ, 'ஷுமா' நீங்கள். விருந்தாளியிடம் கேள்வியையே வேறு மாதிரி வைப்பார்கள். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வழி கிடைத்துவிடும். அதனால் பெரும்பாலும் வருவது "ஸப்ஸ் யா ஸியா?" பச்சைத் தேநீரா, கறுப்புத் தேநீரா? ஆமாம், இல்லை என்ற இரண்டு பதிலுக்கும் அதில் இடமே கிடையாது.

பதிலே தேவைப்படாத கேள்விகளும் உண்டு. இரண்டு பேர் சந்தித்தால், "சிதோர் அஸ்தி? ஃகூப் அஸ்தி? ஜானெத் ஜோர் அஸ்?" எப்படி இருக்கே, நல்லா இருக்கியா, உடம்பு சுகமா என்று கேட்டுக்கொண்டே போவார்கள். எதிரில் இருப்பவரும் அதே நேரத்தில் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருப்பார். யாரும் பதிலுக்கு நிற்பதில்லை. நான் ராகம் பிசகாமல் முதலில் கேட்ட தாரிக் கேள்விகள் இவைதான். நண்பர் அவர் பங்குக்குக் கேட்டுக்கொண்டிருந்ததால், என் ராகத்தை அவர் கவனித்தாரா என்பதுதான் சந்தேகம்.