வேலை லிஸ்டிங் ஏபிஐக்கு காசு கட்டப் போறீங்களா, முதல்ல அந்த தேதியை செக் பண்ணுங்க

வேலை அறிவிப்பு டேட்டாவை ஏபிஐ (ஒரு சாஃப்ட்வேர் இன்னொண்ணுகிட்ட டேட்டா கேட்டு வாங்கற வழி) வழியா விக்கிற ஒரு சர்வீஸ்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். பேரு வேணாம், இதே மாதிரி கடை விரிச்சவங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்க எப்படி ஏமாத்துறாங்கன்னு தெரிஞ்சாலே போதும்.

ஒரே துறை வேலைகளை மட்டும் திரட்டிக் காட்டுற சின்ன சைட் என்னோடது. ட்ரையல் கீ போட்டு ஏபிஐயைக் கேட்டுப் பாத்தப்போ ஜேசன் ஃபார்மேட்ல டேட்டா அழகா வந்துச்சு, கம்பெனி, ஊரு, சம்பளம், போஸ்ட் பண்ண தேதி, அப்ளை லிங்க் எல்லாம் இருந்துச்சு, சரின்னு மாச பிளான் எடுத்தேன். கொஞ்ச நாள்லயே யூசர்ங்க மெயில் போட ஆரம்பிச்சாங்க, லிங்க்கை அமுக்குனா வேலை முடிஞ்சிடுச்சுன்னு வருதாம். ஏபிஐ என்னடான்னா அதே வேலை நேத்துதான் வந்துச்சுன்னு சொல்லுது!

தோண்டிப் பாத்தா விஷயம் இதுதான். போஸ்ட் பண்ண தேதின்னு அவங்க தர்றது வேலை வெளிவந்த தேதியே கிடையாது, அவங்க க்ராலர் (வெப் பக்கங்களைத் தானா போய் படிக்கற புரோகிராம்) கடைசியா அந்தப் பக்கத்தைத் தொட்ட தேதி. அதாவது பழைய சரக்குக்கு தினமும் புது தேதி ஸ்டிக்கர். இதைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல, கூகுள் ஜாப்ஸ்ல தெரியணும்னு நிறைய கம்பெனிங்க தங்களோட வேலைப் பக்கத்துலயே ஸ்கீமா.ஆர்க் ஜாப்போஸ்டிங் மார்க்கப் (வேலை விவரத்தை மெஷின் படிக்கற மாதிரி எழுதி வைக்கற கோட்) வச்சிருப்பாங்க, அதுல வேலை போட்ட தேதியைச் சொல்ற டேட்போஸ்டட் கட்டாயம் இருக்கணும்னு கூகுளே சொல்லுது, முடியற தேதி இருந்தா வேலிட்த்ரூவும் இருக்கும். ட்ரையல்ல வர்ற வேலைல கொஞ்சத்தை எடுத்து அந்தந்த வேலைப் பக்கத்தோட பேஜ் சோர்ஸ்ல (பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற கோட்) இருக்கற தேதியோட ஒத்துப் பாருங்க, குட்டு வெளிப்பட்டுடும்.

அடுத்தது கிரெடிட் கணக்கு, அதாவது ஏபிஐயை ஒவ்வொரு தடவை கேக்கறப்பவும் பிளான்ல இருந்து கழியற யூனிட், இங்கதான் எனக்கு ரொம்ப கடுப்பு. ரிசல்ட்டே இல்லாம காலி லிஸ்ட் வந்தாலும் ஸ்டேட்டஸ் 200 (எல்லாம் சரின்னு சர்வர் சொல்ற கோடு), கிரெடிட் காலி. அவங்க சர்வர் படுத்து 500ன்னு எர்ரர் வந்தாலும் கிரெடிட் காலி. வேகமா கேட்டா 429 (அளவுக்கு மீறி கேக்கறீங்கங்கற எர்ரர்) வருது, அது நியாயம்தான், ஆனா எவ்ளோ நேரம் கழிச்சு திரும்ப கேக்கலாம்னு ரிட்ரை-ஆஃப்டர் ஹெடர்ல சொல்லுவாங்கல்ல, அது இல்லவே இல்ல, அதனால என் கோட் குத்துமதிப்பா காத்திருந்து திரும்பக் கேக்கும், மறுபடி 429, அதுக்கும் ஒரு கிரெடிட் போயிடும். டாக்குமெண்டேஷன்ல இதைப் பத்தி ஒரு வரி கிடையாது. டோட்டல் கவுண்ட்னு பெரிய நம்பரைக் காட்டுவாங்க, நாலஞ்சு பேஜ் தாண்டினா வந்த வேலையே திரும்ப வரும், ஐடி மட்டும் வேற, ஒரே வேலையை ஏஜென்சிங்க ஆளாளுக்கு போட்டிருக்கறத அப்படியே எண்ணி வச்சிருக்காங்க.

சப்போர்ட்ல கேட்டா முதல்ல பாட் பேசுச்சு, அப்புறம் ஒரு ஆள் வந்து "கிரெடிட் யூஸ் ஆயிடுச்சு, ரீஃபண்ட் பாலிசி அலவ் பண்ணாது"ன்னு முடிச்சிட்டார். யூஸ் ஆனதே உங்க எர்ரர்லதான்னு லாக் எடுத்து அனுப்பினேன், பதில் இல்ல. கேன்சல் பட்டன் டேஷ்போர்டுல எங்க தேடியும் கிடைக்கல, மெயில்லதான் சொல்லணுமாம், சொன்னதுக்கு அப்புறமும் அடுத்த மாசக் காசை கார்டுல இருந்து எடுத்துட்டாங்க. லிமிட் வச்ச வர்ச்சுவல் கார்டு கிடைச்சா இந்த மாதிரி இடத்துக்கு அதை மட்டும் குடுங்க. எழுத்துல கேக்க வேண்டியது ரெண்டே விஷயம்: தேதி எங்கருந்து எடுக்கறீங்க, எந்தெந்த ஸ்டேட்டஸுக்கு கிரெடிட் கழிப்பீங்க. மழுப்பினா கிளம்பிடுங்க.

இப்ப நான் வேற வழிக்கு மாறிட்டேன். கிரீன்ஹவுஸ், லீவர் மாதிரி ஆளெடுக்குற சாஃப்ட்வேர் வச்சிருக்கிற கம்பெனிங்க வெளியிட்ட வேலைகளை அதுங்களோட பப்ளிக் ஏபிஐல கீயே இல்லாம படிக்கலாம். ஒவ்வொரு கம்பெனியா சேக்கணும், லிஸ்ட் சின்னதுதான், ஆனா வேலையைத் தூக்கினா அங்கயும் காணாமப் போயிடும். பழைய காசுக்கு பேங்க்ல டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், இன்னும் ஓடிட்டிருக்கு.