நான்கு பர்னர் கிரிடில், மூன்று வருடக் காலைச் சமையல்

கிரிடில் என்றால் பெரிய தோசைக்கல்லை மேலே பொருத்திய, வெளியே வைத்துச் சமைக்கும் எரிவாயு அடுப்பு. எங்களுடையது 36 அங்குல அகலம், நான்கு பர்னர், மேலே ஒரே எஃகுத் தகடு. வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மழை நாட்கள் போக, ஏறக்குறைய எல்லா ஞாயிறும் எங்கள் காலைச் சமையல் வெளியே இதில்தான். வாங்கிய முதல் மாதமே எழுத உட்கார்ந்திருந்தால் இது முழுக்கப் புகார்க் கடிதமாகத்தான் இருந்திருக்கும். வெளியே கருகி உள்ளே நறுக்கென்று நிற்கும் உருளைக்கிழங்கு, ரப்பர் மாதிரி முட்டை, கசந்துபோன வெண்ணெய். தப்பு என்னுடையது. இவ்வளவு பெரிய கல்லுக்கு இவ்வளவு தீ வேண்டாமா என்று நான்கு பர்னரையும் முழுசாகத் திறந்துவிட்டுச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

எஃகு வெப்பத்தைச் சோம்பலாகத்தான் கடத்தும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் கால் பங்கு கூடத் தேறாது. அதனால் பர்னருக்கு நேர் மேலே ஒரு சூடு, ஓரத்தில் வேறொரு சூடு. இதைக் குறை என்று நினைத்து ஆரம்பத்தில் எரிச்சல்பட்டேன். அப்புறம்தான் புரிந்தது: ஒரே தகட்டில் மூன்று அடுப்பு கிடைத்திருக்கிறது, நான் அதை ஒரே அடுப்பாக்கப் பார்த்திருக்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டு வரிசை இது. இடது பக்க இரண்டு பர்னர் நடுத்தரத் தீ, மூன்றாவது சிம், நான்காவதைப் பற்றவைப்பதே இல்லை. பத்துப் பதினைந்து நிமிடம் கல் காய வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் அன்றைய காலை முழுக்கத் தடுமாற்றம்தான். முதலில் இடது பக்கம் உருளைக்கிழங்கு. முந்தைய இரவே அரைவேக்காடாக அவித்து, நீரை வடித்து, துணியில் பரப்பி ஈரம் போக வைத்திருப்பேன். ஈரம் இருந்தால் அது ஆவியாகும் வரை கிழங்கு வேகுமே தவிர முறுகாது. கல்லில் போட்டபின் ஐந்து நிமிடமாவது கை வைக்கக் கூடாது. அடிப்பக்கம் முறுகினால் அதுவாகவே விட்டுக்கொடுக்கும்; தோசைத்திருப்பி அடியில் போகாமல் கிழங்கு முரண்டு பிடித்தால் இன்னும் நேரமாகவில்லை என்று அர்த்தம்.

கிழங்கு ஒரு பக்கம் சிவந்ததும் நடுவில் சாசேஜ், அதன் கொழுப்பிலேயே வெங்காயமும் காளானும். கடைசி நான்கு நிமிடம் வலது ஓரத்தில் முட்டை. வெள்ளைக்கரு முழுசாக இறுக 80 டிகிரி செல்சியஸ் போதும். 200 டிகிரி கல்லில் உடைத்து ஊற்றினால் ரப்பர்தான் வரும். வெண்ணெயும் இந்த ஓரத்துக்கு மட்டும்தான். அதிலிருக்கும் பால் துகள்கள் 150 டிகிரி வாக்கிலேயே கருக ஆரம்பிக்கும். பான்கேக் செய்யும் நாளில் மட்டும் மூன்றாவது பர்னரைக் கொஞ்சம் ஏற்றி 190 டிகிரியில் நிறுத்துவேன். தொடாமல் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கியதில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கல் நன்றாகக் கறுத்தபின் அது சரியாகக் காட்டும். பளபளக்கும் புதுத் தகட்டில் அதை நம்ப வேண்டாம்.

முட்டையில் இன்னொரு கதையும் உண்டு. முதல் முறை ஆறு முட்டையை வரிசையாக உடைத்து ஊற்றிவிட்டுத் திரும்பினால், “அப்பா, முட்டை ஓடுது!” என்று மகள் கத்துகிறாள். ஆறும் ஒன்றாகச் சேர்ந்து, கொழுப்பு வடியும் துவாரத்தைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தது. வடிவதற்காகத் தகட்டில் லேசான சரிவு இருக்கும். எங்கள் தரையும் அதே பக்கம் சாய்வு. ஒரு காலுக்கு அடியில் மரத்துண்டு வைத்தேன், சரியாகிவிட்டது.

கல்லைப் பழக்குவதில் நானும் எல்லோரையும் போல அடிபட்டுத்தான் கற்றேன். எண்ணெயைத் தாராளமாக ஊற்றியதில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. சரியான முறை இதுதான்: ஒரு கரண்டி எண்ணெயைத் தடவி, தடவியதையெல்லாம் திரும்ப எடுத்துவிடுவது போலத் துணியால் துடைத்து, புகை அடங்கும் வரை காய விட வேண்டும். இப்படி நான்கைந்து தடவை. ஆளி விதை எண்ணெய்தான் உசத்தி என்று கேள்விப்பட்டு அதையும் பார்த்தேன். கண்ணாடி போலப் பளபளத்தது, இரண்டே மாதத்தில் செதில் செதிலாக உரிந்தது. வீட்டில் இருக்கும் சாதாரணச் சமையல் எண்ணெய் போதும். தக்காளியை மட்டும் கல்லில் நேரடியாகக் கொதிக்க விடாதீர்கள். அந்தப் புளிப்பு, பழக்கிய படலத்தை அரித்துவிடும்.

துரு ஒருமுறை வந்தது. கல் ஆறுவதற்கு முன்பே உறையைப் போட்டு மூடியிருக்கிறேன். உள்ளே வியர்த்து, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் ஆரஞ்சு நிறத்தில் புள்ளி புள்ளியாக. சுரண்டி, கம்பி நாரால் தேய்த்து, மறுபடி பழக்க அரை நாள் போனது. இப்போதெல்லாம் ஆறியபின் ஒரு சொட்டு எண்ணெய் தடவித்தான் மூடுகிறேன்.

பராமரிப்பில் வேறு சில. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு பர்னர் மட்டும் மஞ்சளாக, சோகையாக எரிந்தால் குழாய்க்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். எனக்கு இரண்டு முறை நடந்தது, நீளத் தூரிகையால் எடுத்தேன். காற்று அடிக்கும் நாளில் பக்கத் தடுப்பு இல்லாமல் சூடு நிற்காது. மழைக்குப் பயந்து மூடிய இடத்துக்குள் மட்டும் கொண்டுபோகவே கூடாது, கார்பன் மோனாக்சைடு விளையாட்டில்லை.

இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு இதைச் சொல்லமாட்டேன். காய வைக்கும் நேரமும் எரிவாயுவும் வீண், அடுப்பில் ஒரு வாணலியே போதும். ஆறு பேருக்கு மேல் என்றால் கதை வேறு. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சூடாகப் போய்ச் சேர்கிறது, சமைக்கிறவரும் கூடவே உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒரு குறை நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சுத்தம் செய்ய, சூட்டோடு சுரண்டிக் கொஞ்சம் நீர் தெளித்தால் போதும். ஒருநாள் சோம்பலில் ஒரு குவளை குளிர்ந்த நீரை அப்படியே கொட்டினேன். ‘டங்’ என்று ஒரு சத்தம். இடது பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டது, இன்றுவரை இறங்கவில்லை. அதன் ஓரத்துப் பள்ளத்தில் சாசேஜ் கொழுப்பு போய்த் தேங்கும். ரொட்டித் துண்டுகளை இப்போது அங்கேதான் வாட்டுகிறோம், முதல் துண்டுக்கு வீட்டில் சண்டை.