மூன்றாவது வருடமும் ஓடுகிற போன் எது?

போன் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பவை கேமராவின் மெகாபிக்சல், ரேம், சார்ஜரின் வாட். வாங்கிய மூன்றாவது வருடத்தில் அந்த போன் எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு மூன்று: அப்டேட், ஸ்டோரேஜின் வகை, பேட்டரி. இவற்றுக்கு முதலில் காசைப் போடுங்கள். மிச்சம் இருப்பதை வைத்துக் கேமராவையும் திரையையும் பாருங்கள்.

அப்டேட் விஷயத்தில் இப்போது நல்ல காலம். 2023-இல் வந்த கூகுள் பிக்சல் 8-க்கும் 2024-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கும் ஏழு வருடம் அப்டேட் உண்டு என்று அந்த நிறுவனங்களே அறிவித்திருக்கின்றன. விலை குறைந்த போன்களில் இது இரண்டு மூன்று வருடத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. பலரும் கவனிக்காத ஒன்று, இந்தக் கணக்கு பெரும்பாலும் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கிடைக்கும் இரண்டு வருடப் பழைய மாடலில் அந்த இரண்டு வருடம் ஏற்கெனவே கழிந்திருக்கும். புது ஆண்ட்ராய்டு வெர்ஷன் எத்தனை, பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் செக்யூரிட்டி பேட்ச் எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. பேட்ச் நின்ற போனில் பணப் பரிமாற்ற ஆப்களை வைத்திருப்பது ஆபத்து.

அடுத்தது ஸ்டோரேஜ். போன் "ஹேங்" ஆனால் எல்லோரும் பிராசசரைத்தான் திட்டுகிறார்கள். பல நேரம் குற்றவாளி ஸ்டோரேஜ் சிப். மலிவு போன்களில் இருப்பது இஎம்எம்சி என்ற வகை, விலை கூடியவற்றில் யுஎஃப்எஸ் என்ற வகை. இஎம்எம்சி ஒற்றை வழிப் பாலம் மாதிரி: படிக்கும்போது எழுத முடியாது, எழுதும்போது படிக்க முடியாது. யுஎஃப்எஸ்ஸில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். பின்னணியில் நாலு ஆப் அப்டேட் ஆகும்போது கேலரியைத் திறந்து பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும். இஎம்எம்சி 5.1-இன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ் 2.2-இல் அது சுமார் 1,200, யுஎஃப்எஸ் 3.1-இல் சுமார் 2,900. விவரப் பட்டியலில் வெறும் "128 ஜிபி" என்று மட்டும் போட்டு வகையைச் சொல்லாமல் விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒரே மாடலுக்குள்ளும் வகை மாறும். கேலக்ஸி எஸ்23-இல் 128 ஜிபி வாங்கினால் யுஎஃப்எஸ் 3.1, 256 ஜிபி வாங்கினால் யுஎஃப்எஸ் 4.0. முடிந்தவரை 256 வாங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்டோரேஜ் சிப்பான ஃபிளாஷ் மெமரியில் பழையதை அழித்துவிட்டுத்தான் புதியதை எழுத முடியும். காலி இடம் குறையக் குறைய அந்த அழிக்கிற வேலை நடுநடுவே வந்து நிற்கும், போன் திணறும். அதனால் பத்தில் ஒரு பங்காவது காலியாக வைத்திருங்கள். "8 + 8 ஜிபி ரேம்" என்ற விளம்பரத்தில் இரண்டாவது எட்டு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. அது ரேம் வேகத்தில் ஓடாது. அதற்காக ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

பேட்டரியில் 5,000 எம்ஏஎச் கொள்ளளவு இப்போது சாதாரணம். கேட்க வேண்டியது எத்தனை சைக்கிள் தாங்கும் என்பதை. நூறு சதவீதம் செலவானால் ஒரு சைக்கிள். ஐம்பது ஐம்பதாக இரண்டு தடவை செலவழித்தாலும் ஒன்றுதான். ஐபோன் 14 வரை 500 சைக்கிளுக்குப் பிறகும் கொள்ளளவில் 80 சதவீதம் நிற்கும் என்று சொன்ன ஆப்பிள், ஐபோன் 15-க்கு அதை 1,000 ஆக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புது மாடல்களுக்கு 800 சைக்கிள் கட்டாயம். பேட்டரியைத் தின்பது சூடு. சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் ஆடுவதும், தடித்த கவரோடு வேகமாகச் சார்ஜ் ஏற்றுவதும் கெடுதல். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி செட்டிங்ஸில் இருந்தால் போட்டுவிடுங்கள். பெரிய வாட் எண், பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சொந்தச் சார்ஜரும் கேபிளும் இருந்தால்தான். வேறு சார்ஜரில் வேகம் பல மடங்கு இறங்கிவிடும். யுஎஸ்பி பிடி, பிபிஎஸ் என்ற இரண்டு பொது வேகச் சார்ஜ் முறைகளையும் ஏற்கும் போன் என்றால் எந்த ஊரிலும் நிம்மதி.

கேமராவில் மெகாபிக்சலை மறந்துவிடலாம். 50 மெகாபிக்சல் கேமரா வழக்கமாக நான்கு பிக்சலை ஒன்றாக்கி 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. ஒளியைப் பிடிக்கும் சிப்பான சென்சாரின் அளவையும், கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஓஐஎஸ் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். 2 மெகாபிக்சல் மேக்ரோ, டெப்த் கேமரா எல்லாம் எண்ணிக்கை காட்ட வைத்தவை. கடையில் வெளிச்சம் குறைந்த மூலையில் நின்று, நடந்து போகிற ஒருவரைப் படம் எடுங்கள். முகம் கலங்கியிருந்தால் வீட்டில் குழந்தையை எடுத்தாலும் அப்படித்தான் வரும்.

திரையில் 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 120 தடவை படம் புதுப்பிக்கப்படுவது, கண்ணுக்கு இதம். பெட்டியில் போடுகிற உச்சப் பிரகாசம் திரையின் சிறு பகுதிக்கு மட்டும் பொருந்துவது, எனவே முடிந்தால் வெயிலில் பிடித்துப் பாருங்கள்.

விலையைக் குறைக்கச் சத்தமில்லாமல் எடுத்துவிடும் பாகங்கள் சில உண்டு. போன் திரும்புவதை உணரும் கைரோஸ்கோப், திசைகாட்டி, தொட்டுப் பணம் செலுத்த உதவும் என்எஃப்சி மூன்றும் இருக்கிறதா என்று விவரப் பட்டியலில் தேடுங்கள். வைட்வைன் என்பது படங்களைத் திருட்டிலிருந்து காக்கும் பூட்டு; அதில் உயர்ந்த நிலையான எல்1 இல்லாமல் எல்3 மட்டும் இருந்தால் பல படத் தளங்களில் ஹெச்டி வராது. காதருகே வைத்தால் திரையை அணைக்கும் பிராக்சிமிட்டி சென்சாருக்குப் பதில் சில போன்களில் மென்பொருள் வித்தை மட்டும் இருக்கும். பேசும்போது திரை அணையாமல், கன்னம் பட்டு மியூட்டோ ஹோல்டோ விழும். பணம் கொடுப்பதற்கு முன் டெமோ போனிலிருந்து ஒரு கால் செய்து, காதில் வைத்து எடுத்து, மறுபடி வைத்துப் பாருங்கள். வைத்தவுடன் அணைந்து, எடுத்தவுடன் எரிந்தால் சரி. தயங்கினால் அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்கள்.