வீட்டுச் சமையலறைக்கு ஒரு இறைச்சி ஸ்லைசர்

எலும்பு நீக்கிய ஆட்டுத்தொடையை மிளகு வறுவலுக்கு மெல்லிய சீவல்களாக அரிவதற்கென்று, சுமார் 19 செ.மீ. விட்டமுள்ள வட்டத் தகடு கொண்ட மின் ஸ்லைசர் ஒன்றை ஆறு மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். வீட்டுத் தேவைக்கு இந்த அளவு தாராளமாகப் போதும்.

வாங்கும்போது மோட்டாரின் வாட் கணக்கைவிட, தகட்டைக் கழற்ற முடிகிறதா என்பதையே முதலில் பாருங்கள். கொழுப்பும் இறைச்சித் துணுக்குகளும் தகட்டின் பின்புறத்தில்தான் ஒட்டிக்கொள்கின்றன, அங்கே கை எட்டாவிட்டால் மறுநாளே வாடை அடிக்கத் தொடங்கிவிடும். நான் முன்பு வாங்கிய இயந்திரத்தில் துண்டின் கனத்தை அமைக்கும் தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது. இறைச்சியை அழுத்தியதும் அது பின்னுக்கு வளைந்ததால், ஒரே துண்டு ஒரு முனையில் தாள்போலவும் மறுமுனையில் விரல் தடிமனாகவும் விழுந்தது. இப்போதுள்ளதில் அந்தத் தட்டு உலோகம் என்பதால் அசைவதே இல்லை.

இறைச்சியை ஃப்ரீசரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைத்து, வெளிப்புறம் சற்றே விறைத்த பிறகு அரிந்தால்தான் சீவல் சீராக வருகிறது; கல்லாக உறைந்ததையோ எலும்புள்ளதையோ இதில் கொடுக்கவே கூடாது. கடைசித் துண்டை விரலால் தள்ளாமல், இயந்திரத்துடன் தரப்படும் முள் பதித்த பிடியால்தான் தள்ள வேண்டும். அந்தப் பிடி இல்லாத மாடலை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.