பதின்மூன்று வயதுக் கம்பியூட்டரும் ஹட்டன் மாடிக்கடைத் தம்பியும்

மரண அறிவித்தல் அடிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் வருவார்கள். இரவு உயிர் போயிருக்கும். பத்து மணிக்குள் தோட்டத்திலும் டவுனிலும் நோட்டீஸ் ஒட்டியாக வேண்டும். போன ஜூலையில் ஒரு நாள் காலை ஆறரைக்கு ஒருவர் நனைந்துகொண்டே வந்து நின்றார். அம்மா தவறிவிட்டாராம். கம்பியூட்டரைப் போட்டேன். வரவில்லை. மறுபடி அமுக்கினேன், உள்ளே காற்றாடி அரைச் சுற்று சுற்றி நின்றுவிட்டது. நாலாவது தடவைதான் உயிர் வந்தது. விண்டோஸ் திறந்து, பக்கம் வடிவமைக்கிற பேஜ்மேக்கர் மென்பொருளைத் திறந்து, பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்துப் பெயரை மாற்ற ஆரம்பிக்கும்போது 11 நிமிடம் போயிருந்தது. அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த கல்யாணக் கார்டு மாதிரிகளைப் பார்த்தபடி நின்றார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாவில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோ கொப்பி, டைப்பிங், ஈபிஎஃப் படிவம் நிரப்புவது, டியூஷன் மாஸ்டர்மாரின் வினாத்தாள், கோயில் திருவிழா நோட்டீஸ், இவைதான் வேலை. கம்பியூட்டர் 2012இல் வாங்கியது. அசெம்பிள் மெஷின். இன்டெல் ஐ3-2100 ப்ரோசசர், எச்61 மதர்போர்டு, 2 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 இருந்தது, பிறகு யாரோ 10 போட்டுத் தந்தார்கள்.

புதுசு வாங்கிவிடலாமே என்று மகன் சொல்லிக்கொண்டே இருந்தான். சல்லி ஒரு பக்கம். பெரிய பயம் வேறு. என்னுடைய பேஜ்மேக்கர் சீடி எப்போதோ தொலைந்துபோனது. 13 வருடத்து நோட்டீஸும் வினாத்தாளும் பாமினி என்கிற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத மெஷினில் திறந்தால் ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். எந்த மெஷினிலும் சரியாகத் தெரிகிற யுனிகோடு என்று ஒன்று வந்து எத்தனையோ காலமாயிற்று, தெரியும். ஆனால் எங்கள் பக்கத்து அச்சுக்கூடங்களுக்கு இன்றும் பாமினியில் கொடுத்தால்தான் வேலை சுலபமாக நடக்கிறது. ஆகவே இந்த மெஷின் உள்ளே இருப்பது இருந்தபடி இருக்க வேண்டும், வேகம் மட்டும் வர வேண்டும். கையில் 40,000 ரூபா.

திருத்தித் தருகிற இடம் தேடி முதலில் கண்டியில் ஒரு கம்பியூட்டர் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். பெட்டியை எடுத்துப் போகவில்லை, விபரத்தை எழுதிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்தவர் தாளைப் பாதி கூட வாசிக்கவில்லை. “இது எல்லாம் மாத்தணும்” என்று போர்டு, ப்ரோசசர், ரேம், கேஸ் என்று அடித்துக்கொண்டே போய் 1,45,000 என்று முடித்தார். அவ்வளவு இல்லை என்றதும், சரி, இதையாவது போடுங்கள் என்று ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடுகிற, சூயிங்கம் பட்டை அளவில் ஒரு எம்.2 எஸ்எஸ்டியைக் காட்டினார். இருக்கிறதிலேயே வேகமானது இதுதானாம். நல்ல வேளை, நான் வாங்கவில்லை. எச்61 போர்டில் அதைச் செருக இடமே கிடையாது. தனி அட்டை போட்டுச் செருகினாலும் அந்தக் காலத்து பயோஸ் (மெஷினை எழுப்பிவிடுகிற அடிப்படை மென்பொருள்) அதிலிருந்து விண்டோஸைத் தூக்காது. இது எனக்குப் பிறகு தெரிந்த விஷயம்.

எனக்கு ஏற்கெனவே ஒரு சூடு உண்டு. மூன்று வருடம் முன்பு வேறொரு இடத்தில் ‘ஸ்பீட் வரும்’ என்று சொல்லி 9,000 ரூபாவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டு அனுப்பினார்கள். நான் அடிப்பது வினாத்தாள். அதற்கு எதற்குக் கிராஃபிக்ஸ்? கார்டு இன்றைக்கும் உள்ளே சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது, என் கம்பியூட்டரைத் திருத்தித் தந்த ஹட்டன் கடைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரம், ஒரு புடைவைக் கடைக்கு மேல் மாடியில். படி செங்குத்து, மழை நாளில் வழுக்கும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது லேசு இல்லை. கடைப் பெயரை எழுதட்டுமா என்று கேட்டேன். “வேணாங்க்கா, இருக்கிற வேலையே முடியல” என்றார் தம்பி. வழி கேட்டால் புடைவைக் கடைக்காரர்கள் காட்டிவிடுவார்கள்.

பெட்டியை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு நோர்வூட், டிக்கோயா வழியாகப் பஸ்ஸில் போனேன். அந்த வளைவுகளில் ஹார்ட் டிஸ்க் என்னவாகுமோ என்று காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீரைப் பார்த்தபடியே ஒரு கையால் அழுத்திப் பிடித்திருந்தேன். தம்பி வாங்கிக்கொண்டு, திறக்கவில்லை. வயரைக் குத்தி, மெஷின் வருகிறவரைக்கும் காத்திருந்து, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மெனேஜரைத் திறந்து வைத்துவிட்டு எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். “வழக்கமா செய்யிறதைச் செய்ங்க” என்றார். நான் பேஜ்மேக்கரைத் திறந்தேன். திரையில் டிஸ்க் 100 வீதம், சிவந்துபோய் நின்றது. ப்ரோசசர் 10, 12 என்று ஆடிக்கொண்டிருந்தது.

“பாருங்கக்கா, ப்ரோசசர் சும்மா கெடக்கு. டிஸ்க்தான் மூச்சு வாங்குது.”

“அப்ப ஐ7 போட்டா வேகம் வராதா தம்பி?”

“போடலாம். சல்லி போகும். டிஸ்க் இதே டிஸ்க்தானே?”

அப்புறம் டிஸ்க்கின் நலம் பார்க்கிற ஒரு சின்ன மென்பொருளை ஓடவிட்டார். நீலமாக இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. கெட்டுப்போன இடங்களை டிஸ்க் தானே ஒதுக்கிவிட்டு வேறு இடத்தில் எழுதிக்கொள்ளுமாம், அந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டு போகிறதாம். இன்னும் ஒரு மழைக்காலம் தாங்குமோ என்னவோ என்றார். வேகத்துக்காகப் போன இடத்தில், 13 வருட வேலை நூலில் தொங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. இந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் இதை எழுதவே உட்கார்ந்தேன். பெட்டியைத் திறக்கும் முன்னால் நோயைப் பார்த்த ஆள் இவர் ஒருவர்தான்.

காலையில் நாலு தடவை அமுக்க வேண்டியிருக்கிறதே என்று கேட்டபோது, பவர் சப்ளையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கெப்பாசிட்டர்கள் இரண்டு தலை உப்பி, ஒன்றில் பழுப்பாகக் கசிந்து காய்ந்திருந்தது. கெப்பாசிட்டருக்குள் ஈரமான ஒரு மருந்து இருக்கிறது. வயதாகி அது வற்றினால் வேலை செய்யும் திறன் குறைகிறது, குளிரில் இன்னும் குறைகிறது. நாலு தடவை அமுக்கும்போது கொஞ்சம் சூடேறி ஒருவழியாகப் பிடித்துக்கொள்கிறது. கொழும்பில் இருந்திருந்தால் இந்த மெஷின் இன்னும் ஒரு வருடம் சொல்லாமல் ஓடியிருக்கும், மஸ்கெலியாக் குளிர் காட்டிக் கொடுத்துவிட்டது என்றார். மார்கழி, தை மாதங்களில் நான் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கடையைக் கூட்டி, சாமி விளக்கு ஏற்றிவிட்டு வந்து மறுபடி அமுக்குவேன். சாமி செயல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செய்த வேலைகள் இவை. 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (பழைய டிஸ்க் மாட்டுகிற அதே வயரில் மாட்டுவது) 7,800. ரேம் 4 ஜிபி இரண்டு, பாவித்த டிடிஆர்3, 3,500. போர்டில் இரண்டே இடம் என்பதால் பழைய இரண்டையும் கழற்ற வேண்டியதாயிற்று. அதற்கு 600 கழித்துக்கொண்டார். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்டை இரவு முழுக்க ஓடவிட்டுத்தான் தந்தார். பவர் சப்ளை 6,500. போர்டில் இருக்கிற காசு மாதிரி பற்றரி 150, மாதக்கணக்கில் என் கம்பியூட்டர் 2011ஆம் ஆண்டுக்குப் போய்ப் போய் வந்ததற்கு அதுதான் காரணம். தூசு எடுத்து, ப்ரோசசருக்குச் சூடு கடத்துகிற பசை மாற்றி, குளோன் பண்ணிய கூலி 3,000. மொத்தம் 20,350. இருபதாயிரம் வாங்கிக்கொண்டார்.

குளோன் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சி டிரைவை அப்படியே புதிய எஸ்எஸ்டிக்கு நகலெடுத்தார். பேஜ்மேக்கர், பாமினி, பழைய பிரிண்டரின் டிரைவர், டெஸ்க்டொப்பில் நான் சிதறவிட்ட பைல் கூட அதே இடத்தில். கெட்ட இடங்களில் மாட்டி மாட்டி நகலெடுக்கவே ஐந்து மணி நேரத்துக்கு மேல் போனதாம். டி டிரைவில் இருந்தவற்றை வெளி டிஸ்க் ஒன்றுக்கு ஏற்றித் தந்தார், டிஸ்க் நான் கொடுத்தது. பயோஸில் டிஸ்க்கோடு பேசுகிற முறை ஐடிஈ என்று கிடந்ததை ஏஎச்சிஐக்கு மாற்றியதாகவும் சொன்னார். இதை விண்டோஸுக்குச் சொல்லாமல் மாற்றினால் நீலத் திரைதான் வரும், வீட்டில் முயற்சி செய்கிறவர்கள் கவனம்.

வேகம் பற்றிச் சொல்ல வேண்டும். எச்61 போர்டில் இருப்பது பழைய சாட்டா, 3 கிகாபிட். அதனால் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது, அதன் அட்டைப் பெட்டியில் 500க்கு மேல் போட்டிருக்கும், எனக்குக் கிடைப்பது செக்கனுக்கு 270 எம்பி அளவு. தம்பி இதை விற்கும் முன்பே சொல்லிவிட்டார். பாதி வேகத்துக்கு எதற்கு என்று கேட்டேன். டிஸ்க் என்றால் ஊசி அங்கும் இங்கும் ஓடித் தேட வேண்டும், சின்னச் சின்னப் பைல்களுக்கு அந்த ஓட்டத்திலேயே நேரம் போய்விடுகிறது, எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே இல்லை என்றார். சரியாகத்தான் இருக்கிறது. சுவிட்சிலிருந்து விண்டோஸ் வரை 35 செக்கன், பேஜ்மேக்கர் நான் மவுஸிலிருந்து கை எடுப்பதற்குள்.

இனிக் குறைகள். மூன்று நாளில் தருகிறேன் என்றது எட்டு நாளாயிற்று. இடையில் ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை), ஒரு ஞாயிறு, இரண்டு நாளும் கடை பூட்டு. போன் எடுக்க மாட்டார். நான் ஒரு நாள் வெறுங்கையோடு ஹட்டன் போய்த் திரும்பினேன், அன்றைக்குக் கடை வருமானமும் போயிற்று. பில் என்று ஒன்று கிடையாது. எஸ்எஸ்டியில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டித் திகதியைப் பேனாவால் எழுதியிருக்கிறார், மூன்று வருட வாரண்டிக்கு அதுதான் சாட்சி. வீட்டுக்கு வந்து ஒரு பக்கத்து மூடியைத் திறந்து பார்த்தால், எஸ்எஸ்டியை இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார்! 300 ரூபாவுக்கு ஒரு தகடு போட்டு முறுக்கியிருக்கலாம். அசைகிற பாகம் எதுவும் இல்லாததால் கெடுதல் ஒன்றும் வராது, இருந்தாலும் பார்க்க மனம் ஒப்பவில்லை.

விண்டோஸ் 11 இதில் போகாது. அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை ப்ரோசசரும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது, என்னுடையது இரண்டாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசொஃப்ட் தந்த ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. அதற்கு மேல் ஒரு வருடம், 2026 ஒக்டோபர் 13 வரை, பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ள வழி வைத்தார்கள். 30 டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கில் புகுந்து செட்டிங்ஸை அதில் சேமிக்க விட்டால் இலவசம். தம்பி இலவச வழியில் பதிந்து தந்தார். பேங்க் வேலை எதையும் இந்த மெஷினில் செய்யாதீங்க என்றும் சொன்னார். நான் ஏற்கெனவே அதற்குப் போனைத்தான் பாவிக்கிறேன்.

மிச்சப் பணத்தில் 13,500க்கு 650 விஏ யுபிஎஸ் ஒன்று வேறு கடையில் வாங்கினேன். ஒக்டோபர், நவம்பர் இடி மின்னலை நினைத்தால் இதை முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். கரண்ட் போனால் பத்து நிமிடம் தாங்குகிறது, சேமித்து அணைக்க அது போதும். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் குத்தாதீர்கள். தாளைச் சூடாக்கும்போது அது ஒரேயடியாக இழுக்கிற கரண்டுக்கு இந்தச் சின்ன யுபிஎஸ் கத்தி அணைந்துவிடும். நான் குத்தித்தான் தெரிந்துகொண்டேன். இடி கேட்டால் எப்படியும் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவேன், இன்டர்நெட் வயரையும் சேர்த்து. முன்பு ஒரு தடவை டெலிபோன் வயர் வழியாக வந்த மின்னல்தான் போர்டின் நெட்வேர்க் பக்கத்தைச் சுட்டது.

எட்டு வாரம் ஆகிறது. காலையில் ஒரே அமுக்கு. எழுதி முடிக்கும்போதுதான் இன்னொன்று ஞாபகம் வருகிறது, பெட்டியின் முன் பக்க யுஎஸ்பி இரண்டும் வேலை செய்யவில்லை. பவர் சப்ளை மாற்றும்போது அந்த வயரைத் திரும்பக் குத்த மறந்திருக்கிறார். பென் டிரைவ் கொண்டு வருகிற மாஸ்டர்மாருக்காக நான் ஒவ்வொரு தடவையும் மேசைக்குக் கீழே குனிய வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ஹட்டனுக்குப் போகும்போது கூப்பிட்டுச் சொல்லலாம் என்றால், போனைத்தான் எடுக்க மாட்டாரே.