கேமரா எங்கே வாங்குவது: ஆன்லைனா, ஷோரூமா, சென்னையா, ஊர்க்கடையா?

போன வைகாசியில் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்யாணம். ஆறு மணிக்கு முகூர்த்தம். நாலரை மணிக்குப் பெண் அலங்காரத்தை எடுக்கப் போனால் ஃப்ளாஷ் எரியவில்லை. பேட்டரியை மாற்றினேன், கேமராவில் மாட்டும் அடிப்பகுதியைத் துடைத்துப் போட்டேன், அசையவில்லை. எங்கள் ஊர்க் கேமரா கடை அண்ணாச்சிக்குப் போன் அடித்தேன். தூக்கக் குரலில், "கடைக்கு வந்திருங்க தம்பி, நான் சாவிய எடுத்துட்டு வாரேன்" என்றார். போனபோது ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துவிட்டு, வாடகைக்குக் கொடுக்கும் ஃப்ளாஷில் பேட்டரி போட்டு என் கேமராவுக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பதற்காகக் காத்திருந்தார். தாலி கட்டும் படம் என்னிடம் ஒழுங்காக இருப்பது அவரால்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள் எங்கே வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நான்கு வழிகளிலும் வாங்கிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

விலையில் பெரும்பாலும் ஆன்லைன்தான் முந்தும். தீபாவளித் தள்ளுபடியில் கார்டு சலுகையும் சேர்ந்தால் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத கேமராவில், சில ஆயிரம் மிச்சமாகும். நம்மூரில் யாரும் வாங்கி வைக்காத அடாப்டர், ஃபில்டர் போன்றவற்றுக்கும் அதுதான் வழி. மெமரி கார்டில் மட்டும் கவனம் வேண்டும். ஒருமுறை ஆன்லைனில் வாங்கிய 128 ஜிபி கார்டில் பாதிக்கு மேல் எடுத்த படங்கள் எதுவுமே திறக்கவில்லை. அளவைக் கூட்டிக் காட்டும்படி மாற்றி வைத்த போலி அது. நல்லவேளையாக வீட்டு விசேஷத்தில் தெரிந்தது. இப்போது எங்கே வாங்கினாலும் கார்டை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்த பிறகே வேலைக்கு எடுத்துப் போகிறேன்.

பெரிய ஷோரூமில் தவணை எளிது, பில் சுத்தம், பொருளைக் கையில் எடுத்தும் பார்க்கலாம். அங்கே நிற்கும் பையன் போன மாதம் வாஷிங் மெஷின் பிரிவில் இருந்திருப்பான், அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் பழைய கேனான் கேமராவுக்கான ஈஎஃப் வகை லென்ஸ் நான்கு வைத்திருப்பவர் வேறு மவுண்ட் உள்ள கேனான் ஆர்6 பாடி வாங்கப் போனால், ஒரு அடாப்டர் போட்டால் நான்கும் ஓடும், பழைய எல்பி-இ6என் பேட்டரியும் அதில் வேலை செய்யும் என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை, தள்ளுபடியில் மிச்சமாகும் காசைவிடப் பெரியது. எனக்கு அதைச் சொன்னது ஊர்க்கடை.

அப்புறம் சென்னை. ரிச்சி தெரு, பர்மா பஜார் என்று ஒரு சுற்று சுற்றினால் ஆசை வரத்தான் செய்யும். வெளிநாட்டிலிருந்து பில் இல்லாமல் வரும் பாடிக்கு இந்திய வாரண்டி கிடையாது. முன்பு டிஜிட்டல் கேமராவுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2019 ஜனவரியில் அது 18 ஆனது. வரி குறைந்த பிறகும் பில்லை விட்டுவிட்டு வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. தொழிலைப் பதிவு செய்து ஜிஎஸ்டி கட்டுபவருக்கு அந்த வரி உள்ளீட்டு வரவாக, அதாவது அவர் கட்ட வேண்டிய வரியில் கழிவாக, திரும்பியும் வருகிறது. வண்டியில் கேமரா களவு போனால் போலீஸில் காட்டவும் பில்தான் வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் என்று வந்துவிட்டால் ஊர்க்கடைக்கு ஈடு இல்லை என்பேன். எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும், கடலும் பக்கம். லென்ஸில் பூஞ்சை பிடிக்க இதைவிட என்ன வேண்டும்? போன வருடம் ஒரு பழைய 70-200 ஜூம் லென்ஸ் வாங்குவதற்காக அண்ணாச்சியிடம் எடுத்துப் போனேன். வெளியே புதுசு மாதிரி மின்னியது. அவர் கடை விளக்கை அணைத்தார். லென்ஸில் ஒளி புகும் துளையான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, லென்ஸை மெல்லச் சாய்த்தார். உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் சிலந்தி வலை போல மெல்லிய இழைகள். "ஓரத்துலதான் இருக்கு, இப்ப படத்துல தெரியாது. அடுத்த மழைக்கு நடுவுக்கு வந்துரும்" என்றார். போட்டோவை மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் அந்த இழை எனக்குத் தெரிந்தே இருக்காது. யாராவது விற்க வந்தால் அவர் முதலில் கேட்பது பில்லும் சீரியல் நம்பரும். சுற்று வட்டாரத்தில் காணாமல் போன பாடிகளின் நம்பர் ஒரு நோட்டில் இருக்கிறது. யாருடைய கேமரா யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதம் கடை பெஞ்சில் உட்கார இடம் கிடைக்காது. கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரைச் சுத்தம் செய்யக் கொடுத்தவர்கள், கன்னியாகுமரியில் சூரிய உதயத்தில் சுற்றுலாக்காரர்களைப் படம் எடுத்து உடனே பிரிண்ட் போட்டுக் கொடுப்பவர்கள், ஆல்பம் டிசைன் செய்பவர்கள் எல்லாரும் அங்கேதான். ஆவணியில் யாருக்கு இரண்டாவது ஆள் வேண்டும், எந்தப் பையன் வீடியோவில் கை தேர்ந்திருக்கிறான், யார் பாக்கி வைத்துவிட்டுப் போனார் எல்லாம் அந்த டீக்கு நடுவில் முடிவாகும். எனக்கு முதல் கல்யாண வேலை கிடைத்ததும் அந்த பெஞ்சில்தான். கூலி பேசக் கற்றுக்கொண்டதும் அங்கேதான்.

ஊர்க்கடையில் குறை இல்லாமல் இல்லை. சரக்கு குறைவு. புது மாடலுக்கு முன்பணம் கட்டி வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். விலையும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

அவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். 2010இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் கடைகளுக்கு வந்தன. 2023இல் 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. சுற்றுலாவுக்குச் சின்ன கேமரா வாங்க வந்த குடும்பங்கள் போனுக்குப் போய்விட்டன. மிச்சம் இருப்பது எங்களைப் போன்றவர்கள்தான். அப்படி இருக்க, கடையில் அரைமணி நேரம் லென்ஸை மாட்டிப் பார்த்துவிட்டு, வெளியே வந்து போனில் ஆர்டர் போடுவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை. விலை இடித்தால் உள்ளேயே சொல்லலாம். நான் சொன்னபோது அண்ணாச்சி ஆன்லைன் விலைக்கு இறங்கவில்லை, ஒரு பேட்டரியும் ஒரு வருடத்துக்கு சென்சார் சுத்தமும் சேர்த்துத் தந்தார்.

இப்போது என் வழக்கம் இது: பாடி விலையை ஆன்லைனில் பார்த்துவிட்டு அண்ணாச்சியிடம் கேட்பேன், ஐயாயிரம் வரை வித்தியாசம் என்றால் அவரிடமே வாங்குவேன். லென்ஸ், ஃப்ளாஷ், பழைய பொருள், சர்வீஸ் எதற்கும் வேறு இடம் தேடுவதில்லை. பூஞ்சை இல்லாத ஒரு 70-200ஐப் பிறகு அவரே தேடிப் பிடித்துக் கொடுத்தார். அதன் ஜூம் வளையம் கொஞ்சம் இறுகுகிறது, வரும் ஆடியில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.