‘எந்த மாதிரி சார்?’ – இரண்டரை வருடத் தெரபிக்குப் பிறகு

போன வாரம் மனநலத் தெரபிக்கு ஃபீஸை ஏற்றிவிட்டார்கள். ஒரு தடவைக்கு 700 ரூபாயாக இருந்தது இப்போது 1,000. நேரம் மட்டும் அதே 45 நிமிடம். அந்தக் கடுப்பில் கல்லாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் வந்தான். வெயில், வியாபாரம் எல்லாம் பேசி முடித்து, கிளம்புகிற நேரத்தில், “மாப்ள, நீ ஒரு டாக்டரம்மாட்ட போறேன்னு சொன்னீல்ல, அது வேலைக்கு ஆகுதா?” என்றான். மச்சினனுக்காகக் கேட்கிறானாம். நானும் முதலில் ‘சொந்தக்காரப் பையன் ஒருத்தனுக்காக’த்தான் விசாரித்தேன். கடைப்பையன்கள் காதில் விழும்படி சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மதுரை மாசி வீதிப் பக்கம் பாத்திரக்கடை. தை மாத முகூர்த்த நேரம், சீர்வரிசைப் பாத்திரம் எடுக்க ஒரு குடும்பமே வந்து நிற்கிறது. நான் பித்தளைக் குடத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் ஒரு இறுக்கம், கை நடுக்கம், குப்பென்று வியர்வை. கல்யாணப் பெண்ணின் பேரில் கடைசி எழுத்து கோணிக்கொண்டு கழுத்து வரைக்கும் போய்விட்டது. (அந்தக் குடம் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. யாரோ ஒரு பெண் பேரில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம்.) ஹார்ட் அட்டாக் என்று ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், தைராய்டு, எல்லாம் நார்மல். ‘கேஸ் ட்ரபிள்’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் மூன்று தடவை இதே கதை. மூன்றாவது தடவைதான் ஒரு டியூட்டி டாக்டர், சின்னப் பையன், “அண்ணே, இதயத்துல ஒண்ணும் இல்ல. இது பேனிக் அட்டாக், திடீர்னு வர்ற பயப் படபடப்பு மாதிரி தெரியுது. மனநல டாக்டர் ஒருத்தரப் பாத்துருங்க” என்றான். நன்றி சொல்லாமல் முறைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்தில் மனநோய் என்றதும் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். நான் அப்போது காலேஜ். அந்த நினைப்பு இருக்கிறவனிடம் போய் மனநல டாக்டர் என்றால்?

அம்மா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனாள், கயிறு கட்டியாயிற்று. அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். போகவர பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை, அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். மறுநாளிலிருந்து பழையபடி மூன்று மணிக்கு முழிப்பு.

அப்புறம் ஒரு ‘கவுன்சிலிங் சென்டர்’. பேர் வேண்டாம். ஒருவர் அரை மணி நேரம் எனக்கு அறிவுரை சொன்னார். காலையில் எழுந்திரு, நல்லதையே நினை, சம்சாரத்தோடு மனம் விட்டுப் பேசு. இதற்கு எங்கள் பெரியப்பாவே போதும், அவர் காபியும் கொடுப்பார். பிறகுதான் தெரிந்தது, கவுன்சிலர் என்று யார் யாரோ போர்டு மாட்டிவிடுகிறார்கள். மாத்திரை எழுதுகிறவர் மருத்துவம் படித்த மனநல மருத்துவர். பேச்சு வைத்தியம் பார்க்கிற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, கேட்கலாம்.

கடைசியில் மனநல டாக்டரிடமே போனேன். அவர் கொடுத்த மாத்திரையைப் பற்றிச் சுருக்கமாக. முதல் வாரம் வயிற்றைப் பிரட்டியது, மூன்றாவது வாரத்துக்கு மேல்தான் வேலை செய்தது. நாலாவது மாதம், சரியாகிவிட்டதே என்று நானே நிறுத்தினேன். தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி சுரீர் என்றது. டாக்டரிடம் நல்ல திட்டு. மறுபடி ஆரம்பித்து, பல மாதம் கழித்து அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் விட்டேன். அவர்தான் “பேச்சும் வேணும்” என்று தெரபி மேடத்திடம் அனுப்பினார்.

என் இரண்டரை வருடக் கோபம் எல்லாம் இந்த மேடத்தின் ஒரே ஒரு கேள்வி மேல்.

“அப்பா போன் பண்ணா எப்படி இருக்கும் சார்?”

“ஒரு மாதிரி இருக்கும் மேடம்.”

“எந்த மாதிரி சார்?”

நாம் காய்ச்சலுக்கும் ‘ஒரு மாதிரி’, சாவு வீட்டுக்குப் போய் வந்தாலும் ‘ஒரு மாதிரி’, மாப்பிள்ளை வீட்டார் பேச்சு பிடிக்காவிட்டாலும் ‘ஒரு மாதிரி’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள். கேட்கிறவர்கள் ‘அட, ஆமா’ என்று தலையாட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவார்கள், அதுதான் மரியாதை. இந்தம்மா போகாது. பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும். ஃபேன் கடகடவென்று சுற்றும். மேஜையில் டிஷ்யூ டப்பா, எதிரே கடிகாரம், ஓடுவது என் காசு. இந்த முறைக்கு சி.பி.டி. என்று பேராம், நினைப்பையும் பழக்கத்தையும் சரிபார்த்து மாற்றுகிற பேச்சு வைத்தியம், ஆரோன் பெக் என்ற அமெரிக்க டாக்டர் 1960-களில் வகுத்தது. அவர் மதுரையில் பிறந்திருந்தால் ‘ஒரு மாதிரி’க்குத் தனியாக ஒரு கட்டம் போட்டிருப்பார்.

கட்டம் என்றதும் அந்த நோட்டு ஞாபகம் வருகிறது. என்ன நடந்தது, என்ன நினைத்தேன், உடம்பில் என்ன செய்தது, நினைத்தது உண்மைதானா என்று நாலு கட்டம் போட்டு எழுதச் சொன்னார். நான் ஸ்டாக் நோட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். கடைப்பையன் அதைப் புரட்டிவிட்டு, “அண்ணே, இது யார் பாக்கி?” என்றான்.

ஒரு நாள் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மறுபடி ‘எந்த மாதிரி சார்?’ நான் கத்தாத குறையாக, “அண்டா மேல குண்டான், குண்டான் மேல சட்டின்னு கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்கோம் மேடம், கீழ ஒருத்தன் வந்து அண்டாவ உருவுறான், அந்த மாதிரி!” என்றேன். அவர் எழுதிக்கொண்டு, “யார் சார் உருவுறது?” என்றார்.

தம்பி. பைபாஸ் ரோட்டில் மூன்று மாடிக் கடை போட்டிருக்கிறான். அப்பா போன் பண்ணினால் அவன் கடைக் கதைதான். இதைக் கோபம் என்றேன், வருத்தம் என்றேன், அப்பாவின் ஓரவஞ்சனை என்றேன். சரியான வார்த்தை பொறாமை என்று என் வாயால் சொல்ல ஏழு மாதம் ஆயிற்று. சொன்ன அன்றைக்கு வெளியே வந்து வண்டியை எடுக்க முடியவில்லை, அவ்வளவு வெட்கம். ஆனால் அதற்குப் பிறகு அப்பா போன் வந்தால் நெஞ்சு இறுகுவது குறைந்துவிட்டது. பொறாமை போகவில்லை. அவன் கடை ஏ.சி.யில் உட்கார்ந்து டீ குடிக்கிறபோதும் இருக்கிறது. டீ குடிக்க முடிகிறது.

கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. “சாம்பார் ஒரு மாதிரி இருக்குல்ல?” என்றாள் சம்சாரம். “எந்த மாதிரி?” என்றேன். கரண்டி பறந்தது.

செலவு விஷயம். 2017-ம் வருட மனநலச் சட்டம், உடம்பு நோய்க்கு இருக்கிற மாதிரியே மன நோய்க்கும் இன்ஷூரன்ஸ் தர வேண்டும் என்கிறது. ஆனால் என் பாலிசி பெட்டில் படுத்தால்தான் பணம் தரும். உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு பைசா கிடையாது. காசு இல்லை என்று தள்ளிப்போடுகிறவர்கள் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம், கூட்டம் இருக்கும், ஆனால் இலவசம். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் இல்லை என்றால் 14416. மத்திய அரசின் டெலிமனஸ் என்ற மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், தமிழில் பேசுவார்கள். ஒரு தடவை நானே கூப்பிட்டிருக்கிறேன்.

சரி, முடிவு. கடைசியாகப் பேனிக் வந்து 14 மாதம் ஆகிறது. அப்படியே வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு மெல்ல இறங்கிவிடும் என்று தெரியும், ஆட்டோ பிடிக்க மாட்டேன். மூன்று மணி முழிப்பு மாதத்தில் இரண்டு தடவைதான். இருந்தும், 1,000 ரூபாய் கொடுத்து நான் சொன்னதையே என்னிடம் திருப்பிக் கேட்கிற ஒரு இடத்துக்குப் போ என்று என் வாயால் சொல்ல வரவில்லை. இன்றைக்குக் கேட்டால் ஐந்துக்கு இரண்டு மார்க். நானும் அடுத்த மாதத்திலிருந்து போவதாக இல்லை.

சிநேகிதனுக்கு நம்பரை அனுப்பிவிட்டேன். உடனே பதில் வந்தது: ‘வண்டி நிறுத்த இடம் இருக்கா? தெரிஞ்சவங்க கண்ணுல படாம?’ மச்சினன் வண்டியாக இருக்கும். மாப்ள, முதல் ஆறு மாதம் நான் இரண்டு தெரு தள்ளி ஒரு ஃபேன்சி ஸ்டோர் வாசலில் நிறுத்திவிட்டு நடந்து போனேன். வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்திருந்தது எங்கள் சித்தப்பா. முழங்கால் வலிக்கு வந்தாராம். நீ வாசலிலேயே நிறுத்து. எதிர்ப்பக்கம் வேப்பமரம் இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் நிழல் வரும், சீட் சுடாது.